பாசஞ்சரின் ஆயிரமாவது நாள்

"மிஸ், உங்க பின்னாடி அந்த அங்கிள் நாப்பத்தி மூணாவது தடவையா போறார்."

கணினித் திரையில் ஒரு பொடியன் இதைச் சொன்னதும், வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்த மிஸ் திரும்பிப் பார்த்தாள். அரைக்கால் சட்டையும் வியர்வையுமாக அவள் கணவர் பால்கனிக் கதவிலிருந்து ஃப்ரிட்ஜை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

"நாப்பத்தி நாலு," என்று வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஏங்க, இது வீடா, மைதானமா?"

"பேச வைக்காதே. மூச்சு வாங்குது," என்றபடி அவர் பால்கனிப் பக்கம் போய்விட்டார்.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அன்று அவருக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாவது நாள். வேலைக்காக இந்த நாட்டில் வந்து இறங்கிய வாரம், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், அறைக்குள் உட்கார முடியாமல் தெருவில் இறங்கி ஓடினார். மறுநாளும் ஓடினார். மனைவியும் மகளும் வந்து சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. மழையோ காய்ச்சலோ, தினம் ஐந்து கிலோமீட்டர். கிட்டார், இந்த ஊர் மொழி, சர்க்கரை இல்லாத காபி என்று அவர் ஆரம்பித்துக் கைவிட்டவை வாழ்க்கையில் ஏராளம். விடாமல் செய்த ஒரே காரியம் இதுதான். ஆயிரத்தைத் தொட்டுவிட்டால் தானும் ஒரு ஆள்தான் என்று அவரே நம்பிவிடுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிருமி ஊருக்குள் வந்தது. யாரும் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. மருந்துக்கும் காய்கறிக்கும் போகலாம். நாய் வைத்திருப்பவர்கள் நாயோடு போகலாம். ஆயிரமாவது நாளுக்கு நாலு நாள் பாக்கி வைத்திருப்பவர்களைப் பற்றி உத்தரவில் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் குடியிருப்பில், கம்பெனி கொடுத்த வீடுகளில், ஓடுகிறவர்கள் மொத்தம் ஆறு பேர். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. மொத்தமாகச் சேர்ந்து வாங்கிய ஒரே மாதிரிக் கறுப்பு வாட்ச் ஆறு பேர் கையிலும் இருந்தது. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று அது காட்டுவதைப் படம் பிடித்துத் தினம் இரவு எட்டு மணிக்குள் குழுவில் போட வேண்டும். குழுத் தலைவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். நம்மவருக்குப் பாசஞ்சர் என்று பெயர். மெதுவாகத்தான் வருவார், ஆனால் வராமல் இருந்ததில்லை.

வீட்டுக்குள் அடைத்துப் போட்டால் மற்றவர்களும் தன்னைப் போல் தள்ளாடுவார்கள் என்று பாசஞ்சர் நினைத்திருந்தார். முதல் நாளே கேப்டன் தன் ஹாலுக்குள் பதினொரு கிலோமீட்டர் ஓடியதாகப் போட்டார். முழங்கால் வரை காலுறை போடுவதால் சாக்ஸ் என்று பெயர் வாங்கியவரும் பதினொன்று. மற்ற மூவரும் பதினொன்று. அப்படி ஒரு ஒற்றுமை.

"எப்படி கேப்டன் முடியுது?" என்று போனில் கேட்டார் பாசஞ்சர்.

"ஒரு ரகசியமும் இல்ல. வேகமா ஓடணும், சட்டுனு நிக்கணும், பத்து செகண்ட் கழிச்சு மறுபடி பாயணும். அதுதான் என் டெக்னிக். உடம்பு சூடு ஆறாது."

இந்த டெக்னிக்கைத்தான் பாசஞ்சர் ஃப்ரிட்ஜுக்கும் பால்கனிக்கும் நடுவே முயன்றுகொண்டிருந்தார். பாய்ச்சல் கூடியதில் சத்தமும் கூடியது. ஐம்பதாவது சுற்றில் போன் அடித்தது. கீழ்வீட்டில் குடியிருந்தவர், பாசஞ்சர் வேலை பார்க்கும் குழாய் வரைபடப் பிரிவின் மேனேஜர்.

"சுவர் ஏதாவது இடிக்கிறீங்களா?"

"இல்ல சார். கொஞ்சம் உடற்பயிற்சி."

"எங்க வீட்டு ஃபேன் சுவிட்ச் போடாமலேயே ஆடுது. நான் மீட்டிங்ல இருக்கேன். அங்க இருக்கறவங்க பூகம்பமான்னு கேக்கறாங்க."

வேலை முக்கியம். சத்தம் வராமல் இருக்க இரண்டு மெத்தைகளைத் தரையில் விரித்து அதன்மேல் ஓடினார். மூன்று சுற்று நன்றாகத்தான் போனது. நாலாவது சுற்றில் ஒரு மெத்தை ஒரு பக்கம் போனது, இவர் இன்னொரு பக்கம் போனார். போகிற வழியில் இருந்த அலமாரியும் அதன் மேலிருந்த மோடமும் கூடவே வந்தன. இன்டர்நெட் செத்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் கணக்கு மிஸ் வீட்டில் கடைசியாகப் பார்த்தது அந்தரத்தில் ஒரு கால்.

"பிள்ளைங்க கண்ணுல என் மானமே போச்சு," என்றாள் மனைவி.

"எனக்கு முழங்கால் போச்சு."

மீதி இருந்த எண்ணூறு மீட்டரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியே முடித்தார். மறுநாள் காலையில் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. எழுந்து நிற்கவே மனைவியின் தோள் வேண்டியிருந்தது.

"இன்னும் மூணே நாள்," என்றார்.

"சும்மா கையை ஆட்டினாலே வாட்ச் எண்ணும்ப்பா," என்று யோசனை சொன்னாள் எட்டு வயது மகள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கையை ஆட்டினார். நானூறு மீட்டர் வந்தது. தோளும் போனது.

வலியோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கீழே நாய்க்காரம்மா தெரிந்தார். பத்து வீட்டு நாய்களை நடத்திக் கூட்டிப் போவது அவர் தொழில். இப்போது தன் சொந்த நாயை மட்டும் காலையும் மாலையும் கூட்டிப் போனார். அந்தம்மா சைக்கிளை மிதிக்க, தவிட்டு நிற நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் பறக்கும்.

பாசஞ்சர் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்தாள். அவர் காய்கறிப் பையில் வாட்சைப் போட்டுக் கயிறு கட்டி மூன்றாவது மாடியிலிருந்து இறக்கினார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. இதை உங்க நாய்க்குக் கட்ட முடியுமா? ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

நாய்க்காரம்மா முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். "கழுத்துப் பட்டையிலதானே சார்? கால்ல கட்டினா நக்கிப்புடும்."

அனுபவசாலி என்று பாசஞ்சர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

சாயங்காலம் பை மேலே வந்தது. பதினொரு கிலோமீட்டர். அதுவும் அவர் ஆயுளில் கண்டிராத வேகம். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து கிலோமீட்டரை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் போட வாட்சில் வழியில்லை. மணி ஏழு ஐம்பத்தெட்டு ஆனபோது கண்ணை மூடிக்கொண்டு குழுவில் போட்டுவிட்டார்.

கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. "பாசஞ்சர் இனிமே எக்ஸ்பிரஸ்," என்றார் சாக்ஸ். "வேகக் கோட்டைப் பாருங்க, நின்னு நின்னு பாய்ஞ்சிருக்கார். அப்படியே என் டெக்னிக்," என்று பூரித்தார் கேப்டன். நல்லவேளை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று பாசஞ்சர் மூச்சு விட்டார்.

மறுநாளும் அதே கயிறு, அதே பை, அதே பதினொன்று. மேனேஜர் மறுபடியும் போனில் கூப்பிட்டார்.

"நேத்து நீங்க பதினொண்ணு ஓடினீங்களாமே. எங்க வீட்டுல ஒரு சின்னச் சத்தம்கூடக் கேக்கலையே. எப்படிங்க அது?"

"பழக்கம்தான் சார்."

மேனேஜர் இந்த அதிசயத்தைக் கேப்டனிடம் சொன்னார். கேப்டன் உடனே குழுவில் அறிவித்துவிட்டார்: நாளை பாசஞ்சருக்கு ஆயிரமாவது நாள். மாலை ஆறு மணிக்கு ஆறு பேரும் வீடியோவில் சேர்ந்து ஓடுகிறோம். சத்தமில்லாமல் ஓடுவது எப்படி என்று பாசஞ்சர் நமக்குக் கற்றுத் தருவார். கேமராவில் இடுப்புக்கு மேல் தெரிந்தால் போதும்.

பாசஞ்சர் அதை மனைவியிடம் காட்டினார். "முடியாதுன்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "ஆயிரமாவது நாள்ல எப்படிச் சொல்றது?" என்றார். கடைசியில் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். இடுப்புக்கு மேல் தெரிந்தால் போதும் என்றால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து குதிக்கலாம். வாட்ச் நாயோடு போய்விடுவதால், தன் ரோஜா நிற யானை வாட்சில் கறுப்பு டேப் ஒட்டி அப்பா கையில் கட்டிவிட்டாள்.

ஆறு மணி. போனை மகள் பிடித்திருந்தாள். திரையில் ஆறு கட்டங்கள், ஆறு பேர் தோள்களும் மேலும் கீழும் ஆடின. பாசஞ்சர் ஸ்டூலில் உட்கார்ந்து எம்பினார். ஒவ்வொரு எம்பலுக்கும் முழங்கால் சுரீரென்றது. முகத்தில் வழிந்த வியர்வை மட்டும் அசல்.

"பாருங்க, சத்தமே இல்ல," என்று வியந்தார் சாக்ஸ்.

பத்தாவது நிமிடத்தில் அந்த வியர்வையில் டேப் உரிந்தது.

"பாசஞ்சர், கையில என்னது? யானையா?" என்றார் கேப்டன்.

அவர் குனிந்து பார்த்தார். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு யானை சிரித்தது. திடீரென்று அவருக்கு எல்லாமே அலுத்துப் போனது. எம்புவதை நிறுத்தினார்.

"மன்னிச்சிருங்க. எனக்கு முழங்கால் போய் மூணு நாள் ஆச்சு. நான் ஓடல. என் வாட்ச் நாய் கழுத்துல ஓடுது."

திரையில் ஐந்து ஜோடித் தோள்களும் அப்படியே நின்றன. கேப்டன்தான் முதலில் சுதாரித்தார்.

"நாயா? வெக்கமா இல்ல உங்களுக்கு? நாங்க அஞ்சு பேரும் உயிரைக் குடுத்து வீட்டுக்குள்ள ஓடறோம். நீங்க ஒரு வாயில்லா ஜீவனை ஓட விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. உங்க ஆயிரம் நாளும் ரத்து. இப்பவே குழுவை விட்டு எடுக்கறேன்."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றார் சாக்ஸ். மற்ற மூவரும் பெரிய மனிதர்களாகத் தலையை ஆட்டினார்கள்.

பாசஞ்சருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு அது பொறுக்கவில்லை. போனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு நாள் இவர் காலு ஓடியிருக்கு. என் வீட்டு மோடம் அதுக்குச் சாட்சி. அதை ரத்து பண்ண நீங்க யாருங்க?" என்றவள் கணவரைத் தொட்டு, "விடுங்க. கால் ஆறினதும் முதல் நாள்லேருந்து எண்ணுங்க. நானும் வரேன்," என்றாள்.

கேப்டன் பதில் சொல்ல வாயெடுக்கும்போது கீழே சைக்கிள் மணி அடித்தது. பாசஞ்சர் நொண்டிக்கொண்டு பால்கனிக்குப் போனார். மகளும் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். திரையில் இருந்த ஐந்து பேரும் கீழே பார்த்தார்கள். நாய் நடைபாதையில் படுத்து இரைத்துக்கொண்டிருந்தது. நாய்க்காரம்மா அதன் கழுத்துப் பட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"மூணாவது மாடி சார், பட்டையில ஆறு வாட்ச் இருக்கு, எல்லாம் ஒரே கறுப்பு. உங்களுது எதுன்னு சரியாப் பாத்துச் சொல்லுங்க, நேத்து மாதிரி கேப்டன் சாரோடத உங்களுக்குக் குடுத்துட்டா அவர் என்னைத்தான் திட்டுவார்."