சனிக்கிழமையைக் காப்பாற்ற ஒரு நம்பர் பிளேட்

தலையே போனாலும் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினேன். மற்ற நாட்கள் கம்பெனிக்கு. ஞாயிறு சர்ச்சுக்கு. சாயங்காலமெல்லாம் ஜெனெலுக்கு. சனிக்கிழமை மட்டும்தான் எனக்கும் ஏரியில் கிடக்கும் என் படகுக்கும். அதற்கே ஆபத்து வந்தது.

ஜெனெல் என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு ராணுவத்தில் லாரி ஓட்டியவள். நான் ராணுவத்தை டிவியில் பார்த்தவன். வீட்டில் யார் சார்ஜென்ட் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் மன்றத்துப் பெரியவர்களை சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லையாம். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் என் தட்டிலிருந்த பான்கேக்கைப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் அயோவா மாநிலத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ராணுவச் சின்னம் போட்ட விசேஷ நம்பர் பிளேட் கிடைக்கும். கூடக் கொடுக்கிற பணம் முன்னாள் ராணுவத்தினரின் நலனுக்குப் போகும். தர்மமும் ஆயிற்று, படகும் தப்பித்தது. ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

"என் பங்கைச் செஞ்சுட்டேன் ஜெனெல். இனி வருஷா வருஷம் தானா போயிட்டே இருக்கும்."

"நல்ல காரியம் பண்ணினே கென்ட்" என்றாள்.

ஜெனெல் என்னைப் பாராட்டினாள். அந்த நிமிஷமே நான் உஷாராகியிருக்க வேண்டாமா? பிளேட்டை அவளே முன்னும் பின்னும் முடுக்கிக் கொடுத்தாள். நான் பூரித்துப் போய் நின்றேன்.

அதற்கப்புறம் என் மவுசே தனி. பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஒருவர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "உங்க சேவைக்கு நன்றி சார்" என்று என் கையைக் குலுக்கிக் காபியும் வாங்கிக் கொடுத்தார். உண்மையில் சேவை செய்தவள் பக்கத்திலேயே பால் டப்பாவோடு நின்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் நிறைய டோனட். ஜெனெல் லேசாகச் சிரித்தாள். அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் தூண்டிலும் புழு டப்பாவுமாக வாசலுக்கு வந்தேன். என் பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி மன்றத்துப் பெரியவர் வெர்லின் நின்றிருந்தார். பின்னால் இன்னொரு மன்றத்துப் பெரியவர் ஆர்லோ, சாப்பாட்டுப் பையோடு.

"முன் சீட்டு எனக்குத் தம்பி. முட்டி மடங்காது" என்றார் வெர்லின்.

"எங்க போகணும்?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். இந்த பிளேட் போட்ட வண்டி நமக்குன்னு ஜெனெல் மன்றத்துல சொல்லிட்டாளே. ஊர்ல மத்த வண்டியெல்லாம் ஃபுட்பால் டீம் பிளேட். எனக்குக் கண்ணு மங்கல், நானே கண்டுபிடிச்சிட்டேன் பாரு."

திரும்பினேன். வாசற்படியில் ஜெனெல், காபியோடு.

"ஜெனெல், நான் பிளேட்டுக்குத்தானே பணம் கட்டினேன்?"

"பிளேட் மட்டும் தனியா ஆஸ்பத்திரிக்குப் போகுமா? ஊரே உன் சேவைக்கு நன்றி சொல்லுது. வாங்கின நன்றிக்கு வேலை செய்ய வேண்டாமா?" என்றாள். "படகுச் சாவியைக் கொடுத்துட்டுப் போ. அங்க எங்கயாவது தொலைச்சிடுவே."

கொடுத்தேன். இப்படியொரு மனிதன் இருப்பானா?

வழியில் நான் எந்தப் படையில் இருந்தேன் என்று ஆர்லோ கேட்டார். வெட்கமாகப் போயிற்று. நான் இல்லை, ஜெனெல்தான் என்றேன். "அது தெரியும். பாலைவனத்துல குண்டு விழறப்பக்கூட லாரியை நிறுத்தாதவ. நீ என்னடான்னா மஞ்சள் விளக்குக்கே நிறுத்தறே" என்றார். அவள் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. அவளை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்தப் பெருமை ஆஸ்பத்திரி வராந்தாவரை தாங்கியது. அங்கே போன் அடித்தது. ஒரு போட்டோ. என் படகில், என் தொப்பியில் ஜெனெல். கையில், நான் வருஷம் முழுக்கத் துரத்திய அந்த மீன்.

அடியில் ஒரு வரி: "கவலைப்படாதே, உன் சனிக்கிழமை பத்திரமா இருக்கு."