பஜ்ஜி மாஸ்டர் பஜ்ஜி போட மறுத்த கதை

கோயம்புத்தூரில் ஓர் அரசுச் சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, அதை நம்பவும் செய்த ஒரே மனிதர் எங்கள் அலுவலகக் கேன்டீன் பஜ்ஜி மாஸ்டர்தான். நாங்கள் அத்தனை பேரும் இனிஷியல் போட்டுக் கோப்பில் வைத்தோம். அவர் லேமினேட் செய்து டீ பாய்லருக்கு மேலே மாட்டினார்.

அரசுக் கட்டடங்களில் எண்ணெயில் பொரித்த பண்டம் கூடாது; சுண்டல், சிறுதானியம், பழம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாஸ்டரின் வாழைக்காய் பஜ்ஜிக்காகவே காந்திபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு; கேட்டால் மனு கொடுக்க வந்ததாகச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மறுநாளிலிருந்து கொள்ளுச் சுண்டலும் கம்பு தோசையும்தான். கூட்டமாகப் போய்க் கெஞ்சினோம்.

"எளுதிக் குடுத்துப்போட்டாங்களேங்க" என்றார். அவ்வளவுதான்.

அதோடு விட்டாரா? ஒவ்வொருவரையும் கவனிக்க ஆரம்பித்தார். படியேறி வந்து மூச்சு வாங்குகிறவருக்கு உப்பைக் குறைத்தார். டீக்கு முன் நான் மூன்று டம்ளர் தண்ணீர் குடிப்பதும், அரைமணிக்கொரு தரம் வராந்தாக் கோடியிலுள்ள கழிப்பறைக்கு ஓடுவதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

"ஏனுங்க சார், ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிப்போட்டு வாங்க. அதுவரைக்கும் டீயில சக்கரை இல்லீங்க."

நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். கோபத்தோடு எதிர்சாரி டீக்கடைக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை போடக்கூடாதென்று மாஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போனதாகக் கடைக்காரர் கைவிரித்தார். அடுத்த கடையிலும் அதே பதில். ஊரின் சர்க்கரை முழுவதும் அவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது போலிருந்தது.

வேறு வழியின்றி டெஸ்ட் எடுத்தேன். லேப்பில் தாளை நீட்டிய பெண், துணைக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

என் அப்பாவுக்கு இந்தச் சர்க்கரை நோயில்தான் ஒரு கால் போனது. தாளை யாரிடமும் காட்டாமல் கேன்டீன் மூலையில் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கம்பு தோசையோடு எதிரில் வந்து அமர்ந்து, ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்புடுங்க சார். நேரத்துல பாத்தாச்சு, ஒண்ணும் ஆவாதுங்க."

அந்த வாரமே தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அன்றைக்கு மட்டுமாவது பஜ்ஜி போடாவிட்டால் கேன்டீன் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எங்கள் மேலாளர் மிரட்டியிருந்தார். ஆனாலும் மாஸ்டர் சுண்டல்தான் வைத்தார்.

பஜ்ஜி இல்லையா என்று அதிகாரி கேட்டார். மாஸ்டர் சுற்றறிக்கையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"கீழ இருக்கறது உங்க கையெழுத்துங்களா, இல்லீங்களா, அய்யா?"

மேலாளருக்கு வியர்த்துவிட்டது. நான் எழுந்து, எனக்கு இன்னொரு தட்டுச் சுண்டல் வேண்டும் என்று உரக்கச் சொன்னேன். இருபது வருட அரசுப் பணியில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. அதிகாரி தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கொள்ளுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். கேன்டீன் மாஸ்டரிடமே இருந்தது.

இப்போது நான் மாற்றலாகிப் பெருந்துறையில் இருக்கிறேன். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இங்கேயும் டீ நன்றாகத்தான் போடுகிறார்கள். டம்ளரை நீட்டும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.