பீரங்கிக்காரரின் முழங்கால்

"இப்ப எந்தக் காலை நொண்டணும்?" என்று கேட்டார் பீரங்கி.

"அடிபட்ட கால் எதுன்னே மறந்துபோச்சா? இடது!" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

தெருவே அவரைப் பீரங்கி என்றுதான் கூப்பிடும். ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர், குரலும் அப்படித்தான். பணியில் முழங்கால் நொறுங்கி, காயத்துக்கான ஓய்வூதியத்தோடு வீடு வந்தார். அந்தத் தொகைக்கு வரி கிடையாது. பல வருஷம் நொண்டினார். மனைவி தினமும் நீச்சல் குளத்துக்கு விரட்டியதில், முட்டி எண்ணெய் போட்ட கீல் மாதிரி ஆகிவிட்டது. இந்த நேரம் பார்த்தா வரி அதிகாரி நேரில் சரிபார்க்க வருவதாக போன் வர வேண்டும்?

"குணமாயிடுச்சுன்னு உள்ளதைச் சொல்லிடுவோமே."

"தாராளமா சொல்லுங்க. வரி கட்டிட்டு, சமையலும் நீங்களே பண்ணுங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அவள் போவதற்குள் அண்ணனே வந்துவிட்டார். மருந்துக்கடை வைத்திருப்பவர், கையில் கட்டுத்துணி.

"மாப்ளே, வெறும் நொண்டலை யார் நம்புவா? காலை நீட்டுங்க."

எதிரே உட்கார்ந்து மளமளவென்று சுற்றினார். சுற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு இடது பக்கம் இருந்தது பீரங்கியின் வலது கால்.

"அவிழுங்க மச்சான்!"

அழைப்பு மணி அடித்தது.

"அவிழ்க்க நேரமில்லை," என்று மச்சான் இடது காலையும் சேர்த்துச் சுற்றினார். இப்போது இரண்டு முட்டியும் மடங்கவில்லை. மனைவி மகனுடைய சக்கர நாற்காலியை இழுத்து வந்து அவரை அதில் சாய்த்தாள். கம்ப்யூட்டர் முன்னால் போடுகிற நாற்காலி. லேசாகத் தொட்டாலே ஓடும். ஓடியது. மச்சான் கதவைத் திறக்க, பீரங்கி நீட்டிய கால்களோடு உருண்டுபோய் அதிகாரியின் வயிற்றில் முட்டி நின்றார்.

"வணக்கம் சார்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அதிகாரி வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். நொண்டி நொண்டி வந்தார். தன்னைக் கிண்டல் செய்கிறாரோ என்று பீரங்கிக்குச் சுருக்கென்றது.

"நானும் ராணுவம்தாங்க. காலாட்படை," என்றபடி உட்கார்ந்தார் அதிகாரி. "காயம், ஓய்வூதியம், வரி விலக்கு, எல்லாம் உங்களை மாதிரியேதான். அப்புறம்தான் இந்த வேலை. உங்களுக்கு எந்தக் கால்?"

"இடது," என்றார்கள் கணவனும் மனைவியும்.

"அப்ப வலதுல கட்டு?"

"அது இடதுக்குத் துணைக்கு சார்," என்றார் மச்சான்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி கட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சட்டென்று எழுந்தார்.

"முட்டிவலி எனக்குத் தெரியாதா? விலக்கு தொடரும். வரேன்." விந்தி விந்தி வெளியேறினார்.

மேஜையில் அவருடைய மூக்குக்கண்ணாடி கிடந்தது.

"ஐயையோ, நல்ல மனுஷன்!" என்று பீரங்கி கட்டுகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

"ஏங்க, நொண்டுங்க! நொண்டிக்கிட்டே ஓடுங்க!" என்ற மனைவியின் கூச்சல் அவர் காதில் விழவேயில்லை.

தெருமுனை திரும்பியவர் அப்படியே நின்றார். அதிகாரி அவருக்கு முதுகு காட்டி, இன்னும் நொண்டிக்கொண்டே காரை நெருங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னார்:

"போதும் சார், நேரா நடங்க. அவங்க வீட்டுலேர்ந்து பார்த்தா இந்த இடம் தெரியாது."