வாலைக் காட்டாத குளவி

யாருக்குமே தேவைப்படாத ஒரு கேள்விக்காகப் பாதி ஆயுசைக் கரைத்த மனுஷன் நாங்கள் ‘ஒண்ணா ரெண்டா’ என்று பட்டப்பெயர் வைத்த ஒருத்தர்தான். அவர் கூட ஒரே குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிய பாவி நான்.

குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட். அவர் ஃபேக்டரி சூப்பர்வைசர், நான் ஆபீஸ் கிளார்க். அப்போது ரெண்டு பேரும் பிரம்மச்சாரிகள். அவருக்குப் பச்சையாக மினுங்கும் ஒரு சின்னக் குளவி மேல் கிறுக்கு. அந்தத் திருட்டுக் கழுதை சொந்தமாகக் கூடு கட்டாது. மற்ற குளவிகள் உருண்டையாகவும் நீளமாகவும் கட்டும் மண்கூட்டில் நைசாக முட்டை வைத்துவிட்டு நழுவிவிடும்.

நமக்குப் பார்த்தால் எல்லாம் ஒரே குளவி. அவருக்கு மட்டும் அது ரெண்டு சாதி என்று சந்தேகம். வால் ஓரத்தில் நாலு பல் இருக்கிறதாம். சிலதுக்குக் கூர், சிலதுக்கு மழுங்கல். “ஏனுங்க, இது ஒண்ணா ரெண்டா?” என்று தபால்காரரை வழிமறிப்பார், தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையைக் கேட்பார். தபால்காரர் எங்கள் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

செத்ததைப் பெட்டியில் சேர்த்தால் எங்கள் ஊர் மழைக்குப் பூஞ்சணம் பூத்துவிடும். உயிரோடு தொட்டாலோ, வாலை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு மணி மாதிரி உருண்டுவிடும். எதைப் பார்க்க வேண்டுமோ அதைத்தான் ஒளிக்கும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். உருண்டை மண்கூட்டிலிருந்து வருவது கூர்ப்பல் என்று ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. நீளக்கூட்டிலிருந்து வருவதும் கூர் என்றால் ஒண்ணு, மழுங்கல் என்றால் ரெண்டு. பச்சைக் குளவி நுழைந்து போன நீளக்கூடு ஒன்றே ஒன்று இருந்தது, என் கட்டிலுக்கு மேலே.

அந்த நேரம் பார்த்து, எஸ்டேட்டைச் சோதிக்கக் கம்பெனி பெரிய துரை வருகிறார் என்று சேதி. துரை வந்தால் ரோட்டோரக் கல்லுக்குக்கூட வெள்ளையடிப்பார்கள். ஒரு சுவர் அழுக்காக இருந்தாலும் கூடலூர்ப் பக்கம் மாத்திவிடுவேன் என்றார் மேனேஜர். நான் வெள்ளையடிக்கிறவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கூட்டைச் சுற்றி ஒரு முழம் விடச் சொல்லி, என் ஒரே கம்பளியை அதன் மேல் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். குளிரில் பல் தந்தியடித்தது எனக்கு.

துரை எங்கள் குவார்ட்டர்ஸுக்குள்ளும் வந்தார். சுவரில் எதற்குக் கம்பளி என்று கேட்டார்.

“சுவருக்குக் குளிருதுங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

துரை கம்பளியைத் தூக்கினார். கூட்டில் புது ஓட்டை. அதிலிருந்து வெளிவந்த பச்சைக் குளவி கம்பளியிலிருந்து அவர் கோட்டுக் கைக்கு ஏறியது. ‘ஒண்ணா ரெண்டா’ பாய்ந்து துரையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு லென்ஸோடு குனிந்தார்.

“கைய ஆட்டாதீங்க துரை. இதை விட்டா நான் தெரியாமயே செத்துருவனுங்க.”

துரை மூச்சுக்கூட விடவில்லை. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். லென்ஸ் குளவி மேல் லேசாகப் பட்டது. அவ்வளவுதான், குளவி உருண்டு, கீழே விழுந்து, தரைப் பலகை இடுக்கில் போய்விட்டது. துரை உட்பட எல்லாரும் மண்டியிட்டோம். பலகையை நெம்பியதும் பச்சையாய் ஒரு மினுக்கல், ஜன்னல் வழியே போயே போய்விட்டது.

“பல் எப்படி இருந்தது?” என்று துரைதான் கேட்டார்.

“பாக்கலீங்க” என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து அழுதார் அவர்.

துரை முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். மேனேஜர் சொன்னபடியே ‘ஒண்ணா ரெண்டா’வைக் கூடலூர்ப் பக்கம் மாத்தினார். ஜீப்பில் ஏறும்போது மனுஷன், எங்காவது நீளக்கூடு கண்டால் உடைக்க வேண்டாம் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார். அவர் கண்ணை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. பதில் தெரியாமலேதான் போனார்.

இப்போது குன்னூர் பக்கத்துக் கேத்தியில் என் வீட்டு ஜன்னலுக்கு மேலே ஒரு நீளக்கூடு இருக்கிறது. அசிங்கமாக இருக்கிறது, இடியுங்கள் என்று என் சம்சாரம் தினமும் திட்டுகிறாள். போன வாரம் ஒரு பச்சைக் குளவி வந்தது. குனிந்தேன். எனக்கும் வாலைக் காட்டவில்லை.

“ஏனுங்க, ஒண்ணா ரெண்டா?” என்று கேட்க இந்த மலையில் இப்போது நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.