பின்னாடிக்கு மட்டும் பெரிய பூ

மோட்டார் சைக்கிள் வாங்கிய கையோடு ஒருவனுக்குப் பெண் பேசக் கூடாது. பேசினால் அவன் காதில் எது விழுந்தாலும் மோட்டார் சைக்கிளாகத்தான் விழும். இது நான் எங்கேயோ படித்துச் சொல்வதல்ல. பட்டுத் தெரிந்துகொண்டது. நான் பட்டதைப் பார்க்க செங் ரப்பர் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் லயத்துச் சனமே கூடியிருந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. மலாக்கா பூராவும் ஒரே பரபரப்பு. பசாரில் மீன் வெட்டுகிறவர்கூட "மெர்டேக்கா!", விடுதலை, என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் கத்தியை இறக்குவார். (வாங்க வந்தவர்கள் துள்ளிக் குதிப்பார்கள்.) எனக்கு இருபத்திரண்டு வயது. காஜா பெராங்கில் வீடு, ஆற்றோரக் கித்தாக் கிடங்கில் ரப்பர் எடை போடும் வேலை, மண்டைக்குள் ஒரே ஓர் ஆசை. சுதந்திரம் கிடைத்த மறுநாளே மோட்டார் சைக்கிளில் ஏறி, ஜொகூர் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போய், கோத்தா பாரு வரை பார்த்துவிட்டு வர வேண்டும். நாடு நம்முடையது ஆகப்போகிறது, அதை ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டாமா? என்னை யாரும் கேட்கவில்லை. நானே எல்லோரிடமும் இப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

வண்டி பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்டது. பச்சை நிறம். அதனால் அதற்குக் கிளி என்று பெயர் வைத்திருந்தேன். கிளிக்கு எல்லாம் இருந்தது, டயரைத் தவிர. அதாவது டயர் இருந்தது, டயரில் பூ இல்லை.

இந்தப் 'பூ'வைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. டயர் மேல் வெட்டு வெட்டாக இருக்கிறதே, அதற்கு மலாயில் 'பூஙா' என்று பெயர். பூஙா என்றால் பூ. எங்கள் ஊர்த் தமிழர்கள் அதை அப்படியே தமிழாக்கி 'பூ' என்றே சொல்வோம். டயர் தேய்ந்தால் "பூ போச்சு", முழுக்கத் தேய்ந்தால் "மொட்டை". கிளியின் இரண்டு டயரும் பழனிக்குப் போய் வந்த மாதிரி இருந்தன.

சடக்கோரத்தில், அதாவது ரோட்டோரத்தில், டயர்க்கடை வைத்திருந்த சீன முதலாளி தவுக்கேயிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று சின்னப் பூ, கோடு கோடாக, தார்ச் சடக்குக்கு ஏற்றது. இன்னொன்று பெரிய பூ. ஆகா, அது டயரா! மைசூர்பாகைத் துண்டு போட்டு அடுக்கிவைத்த மாதிரி கட்டை கட்டையாக நிற்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த சரக்கு. தவுக்கே அதைத் தட்டிக்காட்டி, "ஊத்தான் போலே, லும்போர் போலே!" என்பார். காட்டிலும் போகலாம், சேற்றிலும் போகலாம் என்று அர்த்தம். தினமும் வேலை விட்டதும் போய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வருவேன். சில நாள் மோந்தும் பார்ப்பேன். பெரிய பூ தார்ச் சடக்கில் அதிரும் என்றார்கள், சின்னப் பூ செம்மண்ணில் வழுக்கும் என்றார்கள். இரண்டு சக்கரத்துக்கும் மாற்றணுமா, ஒன்று போதுமா என்று வேறு குழப்பம். சோறு இறங்கவில்லை, போங்கள்.

அம்மா அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அதுவும் இருந்தது. சன்னாசிமலைத் திருவிழாவில் நான் கிளியை உதை உதை என்று உதைத்து, அது கிளம்பாமல் நின்றபோது, கூட்டத்திலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். செங் தோட்டத்துக் கிராணியார் மகள் சரோஜா. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்கு வந்து, "கட்டினால் அந்தப் பெண்ணைத்தான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா தன் தம்பியிடம் சொன்னார். என் தாய்மாமன் நடையாய் நடந்து, தோட்ட ஆபீசையே கட்டி ஆளும் அந்தக் கிராணியாரைச் சம்மதிக்க வைத்தார். வெள்ளிக்கிழமை காலை பெண்ணுக்குப் பூ வைப்பது என்று முடிவானது.

பூ வைப்பதெல்லாம் பெண்கள் சமாச்சாரம், அம்மா பார்த்துக்கொள்வார் என்று நான் இருந்தேன். வண்டி வைத்திருக்கிறவன் நான், காலையில் புதுப் பூவாக வாங்கி வருவேன் என்று அம்மா இருந்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். மாமா போன வாரம்தான் என்னிடம், "இந்த மொட்டை டயரோடயாடா பொண்ணு வீட்டுப் பக்கம் வரப்போறே?" என்று கேட்டு மானத்தை வாங்கியிருந்தார் என்பதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கிளிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். மாமாவின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"டேய், பூ விசயம் என்னடா ஆச்சி?"

எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவுக்கு எவ்வளவு அக்கறை! "அதத்தான் மாமா யோசிச்சிக்கிட்டே கெடக்கேன். சின்னப் பூவா, பெரிய பூவா?"

"இதுல என்னா யோசனை? பெரிய பூவா எடு லா. சின்னதா கொண்டுபோனா கிராணி சிரிப்பாரு."

"கடையில பழசு ஒண்ணு சுமாரா இருக்கு மாமா…"

"பழைய பூவா! ஏன்டா, குடும்பத்துக்கே தலைகுனிவு பண்ணப் போறியா?"

"சரி சரி, புதுசு. சிங்கப்பூர்லேருந்து வந்த பூ ஒண்ணு தவுக்கே கடையில இருக்கு."

செருப்பு ஒரு அடி பின்னால் போனது. "சிங்கப்பூர் பூவா? அடி சக்கை! அதையே எடு. அவங்க எல்லாம் வாயடைச்சிப் போவணும்."

"முன்னாடிக்கும் வேணுமா மாமா?"

"முன்னாடி எவன்டா பூ வெப்பான்? பின்னாடி வெச்சாப் போதும்."

"அப்ப முன்னாடி மொட்டையா இருந்தா பரவால்லையா?"

"நல்ல காரியம் பேசறப்ப மொட்டை கிட்டைன்னு என்னாடா பேச்சு? வாயக் கழுவு. வெள்ளிக்கெழம காலையில பூவோட நேரா செங்குக்கு வந்துரு. நாங்க முன்னாடியே டாக்சியில போயிருவோம்."

செருப்பு போய்விட்டது. எங்கள் இருவருக்கும் பரம திருப்தி.

வியாழக்கிழமை தவுக்கே கடையில் பின் சக்கரத்துக்குச் சிங்கப்பூர்ப் பூ ஏறியது. தவுக்கே முன் சக்கரத்தைத் தடவிப் பார்த்து, "இது?" என்பது போல் என்னைப் பார்த்தார். "தா பாயா," வேண்டாம், என்றேன். மாமாவே சொன்ன பிறகு என்ன? தவுக்கே தன் வழுக்கைத் தலையை ஒருமுறை தடவி, முன் டயரையும் ஒருமுறை தடவிக்காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பட்டுச் சட்டை, தலைக்கு எண்ணெய், கிளிக்குச் சந்தனப் பொட்டு. தார்ச் சடக்கில் அந்தப் பூ 'ம்ம்ம்ம்' என்று பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. தோட்டத்துச் செம்மண் சடக்கு தொடங்கும் இடத்தில் அம்மாவும் மாமாவும் வந்த டாக்சி சேற்றில் புதைந்து நின்றது. ஆட்கள் இறங்கி நடந்துபோயிருந்தார்கள். நானோ அந்தச் சேற்றில் மெதுவாக, ஆனால் மகாராஜா மாதிரி போனேன். பின் சக்கரம் மண்ணைக் கவ்விக் கவ்வித் தள்ளியது. கோத்தா பாருவே கைக்கு எட்டிவிட்டது போல் கத்தினேன். (என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. 'மெர்டேக்கா' ஆகத்தான் இருக்கும்.)

கிராணியார் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். பழத்தட்டு, சேலைத்தட்டு, வெற்றிலைத்தட்டு எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு பெரிய வெள்ளித்தட்டு மட்டும் காலியாக இருந்தது. வந்ததிலிருந்து மாமா, "பூ சிங்கப்பூர்லேருந்து வருது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதால் லயத்துப் பெண்கள் சிங்கப்பூர்ப் பூவைப் பார்க்க ஓடி வந்திருந்தார்கள். கிராணியார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்து நின்றார்.

"எங்கடா பூ?" என்றார் மாமா, கையை நீட்டி.

"இதோ மாமா!"

நான் கிளியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் அவர்கள் பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி, பூவில் ஒட்டியிருந்த மண் போகட்டும் என்று ஒரு முறுக்கு முறுக்கினேன். மண் போயிற்று. கிராணியாரின் வேட்டிக்கும் சட்டைக்கும் போயிற்று.

மாமா ஆசைப்பட்டபடியே எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். அன்று திட்டப்படி நடந்தது அது ஒன்றுதான்.

முதலில் வாய் திறந்தவர் சரோஜாவின் அத்தை. டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டார்: "இதப் பொண்ணு தலையில எப்படிம்மா வெக்கிறது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வெட்கம். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். யாரோ வேலியில் செம்பருத்தி இருக்கிறதே என்றார்கள். கிராணியார் சட்டையிலிருந்த மண்ணைச் சுண்டினார்.

"வேலிப் பூவ வெச்சி அனுப்பறதுக்கு எம்பொண்ணு அநாதையா? மாப்பிள வீட்டுப் பூ வரணும். ராகு காலம் பொறக்கறதுக்குள்ள வந்தா வைங்க. வரலன்னா தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க. இந்தப் பேச்சு இதோட முடிஞ்சிருச்சி."

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. சரோஜா போய்விடுவாள்! சுற்றுப்பயணமும் கிடக்கட்டும், கோத்தா பாருவும் கிடக்கட்டும். கிளியைக் கிளப்பினேன். ஒரே உதையில் கிளம்பியது. அதுவும் பயந்துவிட்டது போல.

காஜா பெராங்கில் பூக்கட்டி விற்கும் அக்கா மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்மணி. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். நான் கடை வாசலில் குதித்து, "பூஙா! பூஙா! சீக்கிரம்!" என்று அலறினேன். அவர் நிதானமாக என் பின் சக்கரத்தை எட்டிப் பார்த்து, "பூஙா சூடா அடா," என்றார். பூதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அர்த்தம். தவுக்கே கடை பக்கத்துக் கடைதான், செய்தி பரவாமலா இருக்கும்? நான் என் தலைக்குப் பின்னால் கையை வைத்து, கொண்டை போட்டுக்காட்டி, அழாத குறையாகக் கெஞ்சினேன். கட்டி வைத்திருந்த மல்லிகை முழுவதையும் வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பும்போது காற்றாய்ப் பறந்தேன். செம்மண் சடக்கிலும் வேகத்தைக் குறைக்கவில்லை. பின் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பூப்பொட்டலம். கிராணியார் வீட்டு வளைவு வந்தது. எல்லோரும் வாசலில் நின்று என்னையே பார்க்கிறார்கள். திருப்பினேன். பூ வைத்த பின் சக்கரம் திரும்பத் தயாராகத்தான் இருந்தது. மொட்டையான முன் சக்கரம் நேராகப் போயிற்று, சடக்கோரத்தில் தண்ணீர் நிறைந்து ஓடும் கானுக்குள்.

நான் மார்பளவு சேற்றில் நின்றேன். கிளி பக்கத்தில் படுத்திருந்தது. வலது கை மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டியிருந்தது. அதில் வாழையிலைப் பொட்டலம், ஒரு துளி மண் படாமல்.

மாமா ஓடி வந்தார். குனிந்தார். பூவை வாங்கிக்கொண்டு ஓடினார். என்னைத் தூக்கவில்லை.

ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் குலவைச் சத்தம் கேட்டது. கானுக்குள் நின்றபடியே கேட்டேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குச் சுதந்திர தினத்தன்றுகூட வரவில்லை, அடித்துச் சொல்வேன்.

அப்புறம் குழாயடியில் நின்று கழுவிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்குள்ளிருந்து அந்தத் திருவிழாச் சிரிப்பு கேட்டது. கூடவே குரலும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"அத்தே, முன்னாடிக்கும் ஒரு பூ போடச் சொல்லுங்க. நாளைக்குப் பின்னாடி உக்காரப்போறது நானு."

கிராணியாருக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. மண் காய்ந்த சட்டையோடு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சுதந்திரத்துக்கு மறுநாள் நான் எங்கும் கிளம்பவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் குத்துவிளக்குக்கும் பாத்திரத்துக்கும் நடுவில், ஒரு தாம்பாளத்தில், மஞ்சள் குங்குமம் இட்ட ஒரு முன் டயர் வந்தது. பெரிய பூ, சிங்கப்பூர்ச் சரக்கு. அதை மாட்டிக்கொண்டு பங்குனியில் இருவருமாகக் கோத்தா பாரு போய் வந்தோம். ஒரு இடத்தில்கூட விழவில்லை. (படகுத்துறையில் ஒரு தடவை விழுந்தோம், அது நான் நிறுத்தத் தெரியாமல் நிறுத்தியது. டயர்மேல் தப்பில்லை.)

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பூ வாங்கக் கிளம்பினாலும், "முன்னாடிக்கா, பின்னாடிக்கா?" என்று ஒரு குரல் வராமல் இருக்காது. மாமா கடைசி வரை, தான் சொன்னது தலையைப் பற்றி என்று விளக்கிக்கொண்டே இருந்தார். யாரும் விளக்கத்தைக் கேட்பதாக இல்லை.

எங்கள் மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, தட்டு நிறைய மல்லிகையோடு வாசலில் நின்றார்கள். சரோஜா மல்லிகையைப் பார்க்கவே இல்லை. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர்கள் வந்த காரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து தடவிப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்:

"நாலுலயும் பூ இருக்கு. உக்காரச் சொல்லுங்க."