அரைப் பாஸ்வேர்டு அதிகாரி

இந்தக் கதையில் ஒருத்தர் நன்றாக ஏமாறுகிறார். ஏமாந்தது தெரியவரும்போது அவர் மூஞ்சி போகிற போக்கைப் பார்த்து நீங்கள் கட்டாயம் சிரிப்பீர்கள். அதற்கு நான் கியாரண்டி. ஆனால் அந்த இடம் கடைசியில்தான் வரும். இப்போதே சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டால் நான் கஷ்டப்பட்டு எழுதியிருக்கும் இன்டர்நெட் வரலாற்றை யார் படிப்பது?

ஆகவே முதலில் வரலாறு. சுவிட்சர்லாந்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் விஷயம் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நம் ஊர் ஆபீஸ்களில் ஒரு மேஜையில் இருப்பது அடுத்த மேஜைக்குத் தெரியாது அல்லவா, அதே மாதிரி. நாமாக இருந்தால் அதற்கு ஒரு கமிட்டி போட்டிருப்போம். அங்கே ஒருவர் வெப்சைட்டைக் கண்டுபிடித்துவிட்டார். உலகத்தின் முதல் வெப்சைட் ஒரே ஒரு பெட்டிக்குள் இருந்ததால், யாராவது கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைத்துவிடப் போகிறார்களே என்று பயந்து, 'இதை அணைக்கக் கூடாது' என்று பெட்டியின் மேல் சீட்டு ஒட்டி வைத்திருந்தாராம். சீட்டு ஒட்டியதிலிருந்தே இது கடைசியில் நம் அதிகாரிகளிடம்தான் வந்து சேரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வந்து சேர்ந்தது. 1999 ஜூன் மாதம் எங்கள் பொள்ளாச்சியில் உள்ள வட்டார தென்னை விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாச் சங்கங்களும் மாத இறுதிக்குள் வெப்சைட் துவக்கி, துவக்கிய விவரத்தைத் தபாலில் தெரிவிக்க வேண்டியது.

சங்கத்தின் தனி அலுவலர் குமாரசாமி அந்தச் சுற்றறிக்கையோடு என் மாமா கந்தப்பனின் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். சபாரி சட்டை, பையில் பச்சை மைப் பேனா. பச்சை மையில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் கிடையாது, பேனா வைத்துக்கொள்ளத் தடையில்லை. சென்டரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் பாலிடெக்னிக்கில் பல பாடங்களில் அரியர் வைத்திருந்த நான்தான். பெயர் கௌதமன்.

குமாரசாமிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம், மாறுதல். மகள் லோகப்பிரியா ப்ளஸ் டூ படிக்கிறாள். மார்ச்சில் பரீட்சை முடிகிறவரை தன்னைப் பொள்ளாச்சியை விட்டுக் கிளப்பாமல் இருந்தால் போதும் என்பதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவர்களைத் தண்டிக்கச் சொல்லி நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். இவர், இன்னும் மாறுதலே போடாத மேலதிகாரியின் பேரில் முன்கூட்டியே அரைத்துவிட்டு வந்தவர்.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி கேட்டவர்களுக்கெல்லாம் வெப்சைட் வைக்க இலவசமாக இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதிலேயே ஒரு கணக்குத் தொடங்கலாம் என்றேன். குமாரசாமி முகம் வாடிவிட்டது. இலவசம் என்றால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம், மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார். நான் மூன்று கம்பெனிகளின் பேரில் மூன்று கொட்டேஷன் அடித்துக் கொடுத்தேன். மூன்றிலும் தொகை பூஜ்யம். அவற்றில் மிகக் குறைந்தது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பக்கத்தை நான் அந்தக் கால வழக்கப்படி தயாரித்தேன். நடுவில் ஒரு தேங்காய் சுற்றும். மேலே 'நல்வரவு' இடமிருந்து வலமாக ஓடிப்போய்த் திரும்பி வரும். கீழே, எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் மீட்டர். ஓரத்தில் மண்வெட்டியோடு ஒரு ஆள், பணி நடைபெறுகிறது என்பதற்கு அடையாளமாக, ஓயாமல் வெட்டிக்கொண்டே இருப்பான். சங்கத்தின் கேஷியர் பாவாத்தாள் அம்மா வந்து பார்த்துவிட்டு அவனைப் பற்றித்தான் விசாரித்தார்.

"ஏங்கண்ணு, இந்த ஆளு வந்ததுல இருந்து வெட்டிட்டே இருக்கறான், குழி கொஞ்சங்கூட ஆழமாகலியே. நம்ம காண்ட்ராக்டர் ஆளா?"

இதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. இனிமேல் நான் வருகிறேன்.

எனக்குக் குரல் வரும். எங்கள் பிரின்சிபால், ஆனைமலை பஸ் கண்டக்டர், தேங்காய் மண்டியில் ஏலம் விடுகிறவர் எல்லாருடைய குரலும் வரும். ஊரில் இருக்கிற குரல்கள் தீர்ந்துபோனதால் இல்லாத ஒருவரை நானே உண்டாக்கினேன். கோவை மண்டல அலுவலகம், சூப்பிரண்டு வெள்ளியங்கிரி. ஆரம்பத்தில் ஒரு 'க்கும்'. வாயில் வெற்றிலை. முக்கியமாக, எங்கேயும் 'ங்க' கிடையாது. எங்கள் பக்கத்தில் கோழியை விரட்டும்போதுகூட 'போங்க' என்பார்கள். 'ங்க' போடாமல் பேசுகிறவர் மேலதிகாரியாகத்தான் இருக்க முடியும்.

இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணும் மோடம் இன்னொரு லைனில் கீச்சென்று கத்திக்கொண்டிருக்க, சென்டர் ஃபோனிலிருந்தே சங்கத்துக்கு அடித்தேன்.

"க்கும். மண்டல அலுவலகம், சூப்பிரண்டு வெள்ளியங்கிரி. உன் வெப்சைட் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குது?"

"கம்ப்யூட்டர் சென்டர்ப் பையன்கிட்டங்கய்யா."

"கஜானாச் சாவியையும் அவன்கிட்டயே குடுத்துரலாமே."

 மறுமுனையில் குமாரசாமி மிகப் பணிவாக, கஜானாவுக்கு இரட்டைப் பூட்டு உண்டு, ஒரு சாவி தன்னிடமும் ஒரு சாவி கேஷியரிடமும் இருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் என்று விளக்கினார். அந்த முறையையே இதற்கும் கடைப்பிடிக்கலாமா என்று கேட்டார். நான் சிரிப்பை வெற்றிலைக்குள் ஒதுக்கிக்கொண்டு, "உடனே செய்" என்றேன்.

மறுநாள் ஜீப்பில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். குமாரசாமி முதல் நாலு எழுத்தை அடித்தார். அப்போது பாவாத்தாள் அம்மா சுவரைப் பார்த்து நின்றார். பிறகு அவர் அடித்தார், குமாரசாமி சுவரைப் பார்த்தார். நான் இரண்டு தடவையும் பார்த்தேன். திரையில் வரிசையாக நட்சத்திரம்தான் தெரிந்தது. பாவாத்தாள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நீங்களும் நட்சத்திரம்தான் வெச்சீங்களா? நானும் அதையே வெச்சுட்டனே" என்று பதறினார். இரகசியத்தைச் சபையில் பேசக்கூடாது என்று குமாரசாமி கண்டித்தார்.

அன்றுமுதல் கொப்பரை விலையை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, மாறி மாறிச் சுவரைப் பார்க்க வேண்டும். பாவாத்தாள் அம்மா தொண்டாமுத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஊரில் விலை இறங்கியது, வெப்சைட்டில் இறங்கவில்லை. ஒரு விவசாயி மூட்டையோடு வந்து, தனக்கு இன்டர்நெட் விலையே போதும் என்று உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ருசி கண்டுவிட்டது. வாரா வாரம் வெள்ளியங்கிரி பேசினார். குமாரசாமி முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். எடுத்ததும் ஏதாவது ஒரு சந்தேகம் கேட்பார். இந்தப் பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் நினைத்தபோது மாற்றலாமா என்று கேட்டார். மண்டல அலுவலக அனுமதி இல்லாமல் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று உத்தரவிட்டேன். எல்லாவற்றையும் அவர் 'தொலைபேசி வாய்மொழி உத்தரவு' என்று கோப்பில் ஏற்றினார். ஒரு நாள் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி.

"சாவின்னா குடுத்தாக் கையை விட்டுப் போயிருமுங்கய்யா. பாஸ்வேர்டு மண்டையில இருக்குதுங்களே. நாளைக்கு எனக்கு மாறுதல் வந்து சார்ஜ் குடுத்தா, மண்டையில இருக்கறதை எப்படிங்கய்யா ஒப்படைக்கறது?"

இப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஒரு மனுஷன் பிறந்திருக்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"சொல்லிக் குடுத்துட்டு மறந்துரோணும்," என்றேன். "மறந்தாத்தான் சார்ஜ் குடுத்ததாக் கணக்கு. மறக்காம யாரும் ஊரை விட்டு நகரக் கூடாது."

"சரிங்கய்யா. உத்தரவுங்கய்யா."

நவம்பரில் அவர் பயந்தது வந்தேவிட்டது. குமாரசாமிக்கு ராமநாதபுரம். அவர் இடத்துக்குத் தம்பிதுரை என்ற அதிகாரி நியமனமாகி, சூட்கேஸோடு வந்து இறங்கினார். குமாரசாமி எல்லாவற்றையும் ஒப்படைத்தார். மேஜை, மின்விசிறி, எடைக்கல், ஜீப், பாதிப் பாஸ்வேர்டு. கடைசியில் கையெழுத்துப் போடும் நேரத்தில் கோப்பை எடுத்து உத்தரவைக் காட்டினார்.

தம்பிதுரை அதைப் படித்தார். விஷயம் தெரிந்தவர், இருபது வருஷ சர்வீஸ். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்க அவருக்கும் வாய் உண்டு. ஆனால் ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மண்டை இருப்பது முறைகேடு என்று அவருக்கே பட்டுவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்பங்க மறப்பீங்க?"

"முயற்சி பண்ணிட்டுத்தானுங்க இருக்கறேன்."

தம்பிதுரை லாட்ஜில் ரூம் எடுத்தார். தினமும் காலையில் வந்து, "மறந்துச்சுங்களா?" என்று விசாரிப்பார். குமாரசாமி கண்ணை மூடி உள்ளே துழாவிப் பார்த்துவிட்டு, "இல்லீங்க, நேத்தைவிட இன்னைக்கு இன்னும் கொஞ்சம் தெளிவா வருதுங்க" என்பார். மறதிக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பித் தம்பிதுரை அவருக்கு மத்தியானச் சாப்பாடு பலமாக வாங்கிக் கொடுத்துத் தூங்க வைத்தார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எதை மறந்தார் என்று தெரியாமல் மறந்தார் என்று சான்று தர முடியாது, எதை என்று சொன்னால் தனக்கும் பாஸ்வேர்டு தெரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரும் அரசாங்க டாக்டர்தான்.

பாஸ்வேர்டை மாற்றினால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அது எனக்குத் தெரியும். மாற்றக் கூடாது என்று உத்தரவு போட்டவனே நான்தானே. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தம்பிதுரை, சூப்பிரண்டு வெள்ளியங்கிரியின் வாய்மொழி உத்தரவைக் குறிப்பிட்டு, விளக்கம் கேட்டு மண்டல அலுவலகத்துக்கே எழுதினார். மாட்டினோம் என்று நினைத்தேன். மண்டல அலுவலகத்தில் அப்படி ஒரு சூப்பிரண்டே இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். சொன்னால், இல்லாத ஒருவர் இத்தனை மாதமாக உத்தரவு போட்டது எப்படித் தங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டும். ஆகவே, வெள்ளியங்கிரி கேம்ப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. மேற்படி உத்தரவின்படியே நடந்துகொள்ளவும் என்றும் வந்தது. அடுத்த மாதம் அதே உத்தரவு சுற்றறிக்கையாக எல்லாச் சங்கங்களுக்கும் போனது. ஊர் ஊராக அதிகாரிகள் பாஸ்வேர்டை மறக்க முடியாமல் அவரவர் இருந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள். வெள்ளியங்கிரி பேருக்குத் தபால் குவிந்ததால் மண்டல அலுவலகத்தில் அவருக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, நாற்காலியில் துண்டும் போர்த்தி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மார்ச் வந்தது. பரீட்சைகள் நடந்தன. லோகப்பிரியா கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் காலை, தம்பிதுரை வழக்கம்போல், "மறந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

குமாரசாமி கண்ணை மூடினார். திறந்தார். "எதைங்க?" என்றார்.

தம்பிதுரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவாத்தாள் அம்மா எல்லாருக்கும் காபி சொன்னார்.

அன்று மத்தியானம் சென்டரில் ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"க்கும். கோவை மண்டல அலுவலகம். சூப்பிரண்டு வெள்ளியங்கிரி. அந்த சென்டர்ல கௌதமன் யாரு?"

எழுந்து நின்றுவிட்டேன். மேஜை போட்டார்கள், நாற்காலி போட்டார்கள், பாவிகள் ஆளையும் போட்டுவிட்டார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. நாந்தானுங்கய்யா என்றேன்.

"என் பேரைச் சொல்லிப் பொள்ளாச்சியில இருந்து எவனோ உத்தரவு போட்டுட்டு இருக்கறான். தெரியுமா?"

தெரியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தக் குரலில் 'ங்க' இல்லை. வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது. விளையாட்டுக்குப் பண்ணிப்போட்டேன், படிக்கிற பையன், மாமாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று கெஞ்சினேன்.

"சரி, விடு. இன்னொரு உத்தரவு சொல்றேன், எழுதிக்கோ. மறந்த பாஸ்வேர்டு அதிகாரிக்குத் திரும்ப ஞாபகம் வந்துட்டா, பாதுகாப்பை முன்னிட்டு, அவரை உடனே கோவை மாவட்டத்துக்கே திருப்பி அனுப்போணும். எழுதிட்டியா?"

"எழுதிட்டனுங்கய்யா. எப்ப இருந்து அமலுங்கய்யா?"

"ஜூன்ல இருந்து. அப்பத்தான் காலேஜ் திறக்குது."

"சரிங்கய்யா. யாரு கையெழுத்துங்கய்யா?"

"கையெழுத்தெல்லாம் வேண்டாமுங்க தம்பி, நீங்க எப்பவும்போல ஃபோன்லயே சொல்லிருங்க. சொல்லும்போது மட்டும் பின்னாடி கத்தற அந்த மோடத்தைக் கொஞ்சம் அணைச்சுப்போடுங்க. மண்டல ஆபீஸ்ல இன்னும் கம்ப்யூட்டரே வாங்கலீங்க."

சரிங்கய்யா என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டேன். அடிக்கோடு போடும்போதுதான், இத்தனை மாதமாக யார் யாருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது.