ஒரு சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள்

மோர்னிங்சைட்,
06.07.1997

பெருமதிப்புக்குரிய அன்புராசா அத்தானுக்கு,

மைத்துனன் நீக்கிலாஸ் எழுதுவது. விட்பியில் தாங்களும் றோஸ்மேரி அக்காவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எங்கள் முதியோர் சங்கம் தப்பியதா என்று கேட்டிருந்தீர்கள். தப்பிவிட்டது. போனில் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. ஆகவே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. சமாதானம் ஏன் அவசரமாகத் தேவைப்பட்டது.
2. போரிலிருந்து மீண்ட நாடொன்றின் சனநாயக ஏற்பாடு நமக்கும் பொருந்தும் என்பது.
3. பொருளாதாரம் சீரடைந்த விதம்.

முதலாவது. ஆண்டுவிழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றப் பத்மநாதனை அழைத்தார்கள், சச்சிதானந்தனை ஐந்தாவது திரிக்குத்தான் அழைத்தார்கள், அவர் போய்ச் சேர மெழுகுதிரியும் அணைந்துவிட்டது, அன்று தொடங்கி ஒரே மண்டபத்தில் இரண்டு சங்கம், கதிரைகள் முதுகுக்கு முதுகு, தேத்தண்ணிக் கேத்தில் பத்மநாதன் பக்கம், பாலும் சீனியும் சச்சிதானந்தன் பக்கம். ஏழு மாதமாக ஒரு பக்கத்தார் வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள், மற்றப் பக்கத்தார் குளிர்ந்த பால் குடித்தார்கள். கடைசியில் மண்டப நிர்வாகி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரே சங்கமாகக் கையெழுத்திடாவிட்டால் இனிமேல் மண்டபம் இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார். பதினோராம் மாடியிலிருந்து நான் கீழே இறங்குவதே புதன்கிழமைதோறும் அங்கே நடக்கும் கூட்டத்துக்காகத்தான்.

இரண்டாவது. பத்மநாதனா சச்சிதானந்தனா தலைவர் என்று வாக்கெடுக்க என்னைத் தேர்தல் ஆணையாளராகப் போட்டார்கள். எந்தப் பக்கமும் சேராதவர் என்று புகழ்ந்தார்கள். சேரப் பயந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். நூலகத்தில் மொசாம்பிக், எல் சல்வடோர், கம்போடியா என்று போர் முடிந்த நாடுகளைப் பற்றி ஒரு கொப்பி நிறையக் குறிப்பெடுத்தேன். ஆயுதக் களைவு முதலில் என்றிருந்தது. ஆகவே ஊன்றுதடிகளை வாசலில் வைக்கச் சொன்னேன், அதனால் வாக்குப்பெட்டிவரை ஒவ்வொருவரையும் நானே கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. மூன்று தரம் எண்ணினேன். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

யோகமலர் எழும்பினா. கேத்திலுக்குப் பொறுப்பானவ அவதான்.

"அண்ணை, உங்கட வோட்டு எங்கை? உந்த ஒரு வோட்டைப் போட்டா முடிஞ்சுதே!"

முப்பத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சேர்ட் நனைந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "கம்போடியாவில இரண்டு பிரதம மந்திரிமார்."

"இரண்டு பேரோ? தங்களுக்குள்ள அடிபடேல்லையோ?" என்றார் பத்மநாதன்.

"இல்லை. நாலு வருசமா ஒண்டாத்தான் ஆளுகினம். ஒருத்தர் முதலாம் பிரதமர், மற்றவர் இரண்டாம் பிரதமர்."

"அப்ப நான் முதலாம் தலைவர்."

"உவர் இலக்கத்தை வைச்சிருக்கட்டும்," என்றார் சச்சிதானந்தன். "எனக்குத் தலைவர் எண்ட சொல்லே போதும்."

ஓம் என்று எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். மண்டபம் எங்களுக்கே. அன்றிரவு நான் மாத்திரையில்லாமல் நித்திரை கொண்டேன்.

மூன்றாவது. கையெழுத்துக் காய முதல் யோகமலர் கேத்திலைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்துபோய்ப் பாலுக்குப் பக்கத்தில் வைத்தா. "இனியாவது மனிசர் குடிக்கிற தேத்தண்ணி குடியுங்கோ." குடித்தேன் அத்தான். கண் கலங்கியது; ஆவியாகவும் இருக்கலாம்.

இனி அடுத்த தவணைத் தேர்தல்வரை எனக்குப் பயமில்லை. அக்காவின் முழங்காலுக்கும் தங்கள் புது வீட்டுக்கும் ஆண்டவர் துணையிருப்பாராக.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
நீக்கிலாஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வானொலியில் செய்தி கேட்டேன். கம்போடியாவின் இரண்டு பிரதமர்களுடைய படைகளும் நேற்றுத் தொடங்கித் தலைநகரத் தெருக்களில் சண்டை பிடிக்கின்றனவாம். ஆகவே என்னுடைய இரண்டாவது கருத்துப் பிழை. தயவுசெய்து அதை வெட்டிவிடவும். வானொலி முடிந்த கையோடு பத்மநாதன் போன் எடுத்தார்.

"அண்ணை, கம்போடியாவில ஏதோ நடக்குதாமே?"

"மழையாம்" என்றேன். அங்கே இது மழைக்காலம்தான். போனை வைத்தபிறகு புத்தகத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.